பிளாஸ்மா கொடுத்த பாலியெஸ்டர் துணி பத்தே நாளில் பழையபடி ஆவது ஏன்?

நண்பரே, செயற்கை இரத்தக்குழாய்க்கான பின்னல் பாலியெஸ்டருக்கு ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னால் அயனியாக்கிய வாயு, இரத்தப் பிளாஸ்மா அல்ல) கொடுத்த அன்று நீர்த்துளியை உறிஞ்சியது, பத்து நாள் கழித்து துளி முத்துமுத்தாக நிற்கிறது, கருவியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கருவியைச் சந்தேகிக்க வேண்டாம், இது எல்லோருக்கும் நடப்பதுதான்.

பிளாஸ்மா மாற்றுவது மேலேயுள்ள சில நானோமீட்டர்களை மட்டுமே. அங்கே உண்டான, நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் காற்றில் கிடந்தால் மெல்ல உள்பக்கம் திரும்பிவிடும். அறை சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். சரி, பிளாஸ்மா கொடுக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள். பாலியெஸ்டரின் மூலக்கூறு சங்கிலிகள் அறுந்து, கழுவினால் போய்விடும் துணுக்குகள்தான் மிஞ்சும். நானும் அப்படி நிறைய துணியை வீணாக்கியிருக்கிறேன்.

பிளாஸ்மா முடிந்த கையோடு ஜெலட்டினையோ கொலாஜனையோ பிணைத்துவிடுங்கள். வெறுமனே தோய்த்தால் போதாது. இடிசி, என்எச்எஸ் என்ற இணைப்பு வேதிப்பொருள்கள் இரண்டையும் பிஎச் 5 முதல் 6 வரையுள்ள எம்இஎஸ் என்ற தாங்கல் கரைசலில் (பிஎச் மாறாமல் காப்பது) சேர்த்தால் கார்பாக்சில் தொகுதிகள் தூண்டப்பட்டு, புரதத்தின் அமீன்களோடு அமைடு பிணைப்பு உண்டாகும்.

அப்புறம், பின்னல் துணியில் சேர்கோணத்தை (நீர்த்துளி பரப்போடு உண்டாக்கும் கோணம்) நம்பாதீர்கள். கண்ணிகளே நீரை இழுத்துக் குழப்பும். தட்டையான பாலியெஸ்டர் படலம் ஒன்றையும் கூடவே வைத்து அதில் அளவிடுங்கள். கிருமிநீக்கத்துக்கு 121 டிகிரி நீராவி வேண்டாம், ஜெலட்டின் கெட்டுவிடும். எத்திலீன் ஆக்சைடு பரவாயில்லை, ஆனால் எச்ச வாயு வெளியேற அவகாசம் கொடுங்கள்.