பேர் பெற்ற கம்பெனி மோட்டார், நாலே மாதத்தில் காயில் போனது

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர். அப்பா வாங்கிய மோட்டார் பதினெட்டு வருஷம் ஓடியது. அந்த நம்பிக்கையில் அதே கம்பெனியில் புது சப்மர்சிபிள் (தண்ணிக்குள்ளேயே இறக்கி ஓட்டும் மோட்டார்) வாங்கினேன், நாலே மாதத்தில் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) எரிந்துவிட்டது. குறுவை நட்டாச்சு, பயிர் தண்ணிக்கு நிற்கிறது. கடைக்காரர் "லோ வோல்டேஜ்ல எரிஞ்சிருக்கு, வாரண்டி வராது" என்கிறார். இவ்வளவு பேர் உள்ள கம்பெனி இப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. ஆனால் இன்னும் கம்பெனி உங்களுக்குப் பதிலே சொல்லவில்லை, சொன்னது கடைக்காரர். நம் பக்கம் யாரும் விளம்பரம் பார்த்து மோட்டார் வாங்குவதில்லை, பக்கத்து வயல்காரரிடம் "உங்களுது எத்தனை வருஷமா ஓடுது" என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். அந்தக் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே உங்கள் அப்பா மாதிரி ஆட்கள்தான், அதைக் கடையில் ஒருவர் வாய்வார்த்தையில் கெடுக்க விடாதீர்கள். கம்பெனியின் சர்வீஸ் எண்ணிலேயே புகாரைப் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். வாரண்டி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

லோ வோல்டேஜில் காயில் எரியும், அது உண்மைதான். ஆனால் எரிந்த விதமே நிறையச் சொல்லிவிடும். லோ வோல்டேஜிலோ லோடு ஏறியோ எரிந்திருந்தால் காயில் முழுக்க ஒரே மாதிரி கறுத்திருக்கும். மூணு பேஸ் கரண்ட்டில் ஒரு பேஸ் போன நிலையில் ஓடியிருந்தால் சில காயில்கள் கருகி, மற்றவை புதுசாகவே இருக்கும். ஒரே இடத்தில் பொட்டு வைத்த மாதிரி எரிந்து மீதியெல்லாம் நன்றாக இருந்தால், கம்பியின் இன்சுலேஷனில் குறை இருக்க வாய்ப்பு அதிகம். அவசரப்பட்டு ஊர் மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் அதையே சாக்காகச் சொல்வார்கள். கம்பெனி ஆள் உங்கள் எதிரில் பிரிக்கட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் மசியவில்லையா, 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அடுத்தது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷம் அவகாசம் உண்டு. தேவைப்பட்டால் மோட்டாரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. "விவசாயம் தொழில், நீ நுகர்வோரே இல்லை" என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கிய பொருள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான், சட்டத்திலேயே அது இருக்கிறது.

அடுத்த தடவை வாங்கும்போது பேரோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: சர்வீஸ் மன்னார்குடியிலேயே கிடைக்குமா, இல்லை கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கணுமா?

இப்போதைக்குப் பயிரைக் காயவிடாதீர்கள். வாடகைக்கு ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறையுங்கள். வாடகைக்கும் டீசலுக்கும் ரசீது வாங்கி மோட்டார் பில்லோடு சேர்த்து வையுங்கள், நஷ்டஈட்டில் அதையும் கேட்கலாம்.