திபேனும் இட்லியும் – ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு,

வணக்கம். காத்ர் போர்னிலிருந்து எழுதுகிறேன். மோக்காவில் தமிழ் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற தை மாதம் முழுவதும் திபேனை, அதாவது ரொட்டியைத் தொடுவதில்லை என்று எங்கள் சங்கத்து இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறோம். 'காலையில் இட்லி' என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் முன்னோர் இந்த மொரீஷியஸ் தீவுக்கு வந்தபோது இட்லியும் தோசையும் சாப்பிட்டவர்கள். இன்று காலையிலும் திபேன், சாயங்காலம் நாலு மணிக்கும் திபேன். பிரெஞ்சுக்காரன் போய் இருநூறு வருஷம் ஆகியும் அவன் ரொட்டி நம்மை விடவில்லை. இது மன அடிமைத்தனம் இல்லையா? மைதா உடம்புக்கும் கெடுதல். திபேனுக்குத் தமிழில் 'வெதுப்பி' என்பதா, 'அடுமம்' என்பதா? எங்கள் துண்டறிக்கைக்கு நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

பின்குறிப்பு: என் அம்மா போன வருஷம் தவறிவிட்டார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுபோனால் தொடமாட்டார். டீயில் நனைத்த ரொட்டிதான் கேட்பார். ஒரு நாள் எரிச்சலில் சத்தம் போட்டுவிட்டேன். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கு.

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் ஒரே ஒரு ஒற்றுப்பிழை இருந்தது, திருத்திவிட்டேன். உங்கள் பின்குறிப்புக்காகத்தான் இந்தப் பதில். அதற்கு மேலே இருப்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

மைதாவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. டீயில் மூன்று கரண்டி சீனி போடும் கையை விட்டுவிட்டுத் திபேன்மேல் மட்டும் பழி போட நான் வரமாட்டேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்புறம் அந்தச் சொல். பிரெஞ்சின் 'து பேன்' என்பதை நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் அப்படியே விழுங்கித் 'திபேன்' ஆக்கிக்கொண்டது. அரிசி 'திரி', தண்ணீர் 'தீலோ', விறகு 'திப்வா' எல்லாம் அப்படித்தான். அதே கிரியோல் நம்மிடம் வந்து கொத்துமல்லியைக் 'கோத்தோமிலி' என்றும், பீர்க்கங்காயைப் 'பிபங்காய்' என்றும், கறிவேப்பிலையைக் 'கரிபூலே' என்றும் வாங்கிக்கொண்டு போனது. ரசம்கூட 'ரசோன்' ஆயிற்று. அதற்கு எதிராக யாரும் துண்டறிக்கை போடவில்லை. யாழ்ப்பாணத்தார் போர்த்துக்கீசியச் சொல்லை எடுத்துப் 'பாண்' என்கிறார்கள். அவர்கள் தமிழுக்கு என்ன குறைந்துவிட்டது? வெதுப்பியோ அடுமமோ, நோட்டீசில் எதை வேண்டுமானாலும் அச்சடியுங்கள். காலையில் மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடிக்கும்போது வாசலுக்குப் போய் "நாலு வெதுப்பி" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல மனுஷன், நாளைக்கு வாங்கி வருகிறேன் என்பார்.

சரி, முன்னோர் இட்லி சாப்பிட்டவர்கள் என்கிறீர்களே, யாருடைய முன்னோர்? ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கு ஆரம்ப காலத்தில் மாதம் 5 ரூபாய்ச் சம்பளம், அதோடு அரிசி, பருப்பு, உப்பு என்று படி. அவர்கள் விட்டு வந்த ஊர்களிலேயே ஏழை வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கு வருகிற பண்டம். அந்த அரிசியும் இங்கே விளைந்ததில்லை. நல்ல நிலத்தையெல்லாம் கரும்பு தின்றுவிட்டது. நாம் தின்ற சோறு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அது நின்றுபோய், தோட்டங்களில் சோளமும் மரவள்ளியும் நடச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. "சோள மாவைக் கிண்டிக் கிண்டிக் கை மரத்துப்போச்சு" என்று என் பாட்டி கடைசிவரை சொல்வாள். கோதுமை கப்பலில் வருகிறது என்பதற்காக அதை அந்நியம் என்றால், அரிசியை மட்டும் எந்தக் கணக்கில் உள்ளே விடுகிறீர்கள்?

பாட்டி சூயாக்குக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் கேம்ப்பில் இருந்தவள். லாகூப் காலத்தில், அதாவது கரும்பு வெட்டும் மாதங்களில், விடிகாலை மூன்று மணிக்கு எழுந்திருப்பாள். விறகு ஈரமாக இருக்கும். முதலில் ரோஸ்காரியில் மசாலா அரைக்க வேண்டும். உங்கள் வீட்டில் ரோஸ்காரி இருக்கிறதா, அல்லது பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கிறதா? நம் அம்மிதான் அது, இந்தத் தீவின் கருங்கல்லில் கொத்தியது. அதன் உருளைக்குக் கிரியோலில் 'பாபா' என்று பெயர். பாபா என்றால் குழந்தை. தமிழில் அம்மிக்குழவி என்கிறோம். குழவி என்றாலும் குழந்தைதான். நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். இது என் கண்ணில் பட்டது ஓய்வு பெற்ற பிறகு, ஒரு நாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது. அன்று முழுக்க யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். வீட்டில் பூனைதான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அரைத்து, சோறு வடித்து, கறி வைத்து, தாத்தாவுக்குப் பரிமாறி, மத்தியானத்துக்குத் தனியாகக் கட்டி, பிள்ளைகளுக்கு மூடிவைத்துவிட்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுவாள். தாத்தாவும் அவளும் போவது ஒரே வயலுக்கு. அவர் நாலரைக்கு எழுந்தால் போதும்.

போர் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு திபேன்காரர் எங்கள் கேம்ப்புக்கு வர ஆரம்பித்தார். சைக்கிளின் பின்னால் பெரிய கூடை, மேலே சாக்கு. வாசலில் நிறுத்தி ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார். காசு கொடுக்க வேண்டாம், கார்னே என்னும் கடன் நோட்டில் எழுதிக்கொள்வார், சம்பளத்தன்று தீர்த்தால் போதும். ஒரு வாரம் பாட்டி அந்த ஹாரனைக் கேட்டுக்கொண்டே அடுப்பு ஊதியிருக்கிறாள். எட்டாம் நாள் எழுந்திருக்கவில்லை. ஹாரன் கேட்டதும் போய் ஆறு திபேன் வாங்கினாள். முந்தின ராத்திரி அரைத்த தக்காளிச் சட்னியைப் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். தாத்தா உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். "சோறு எங்கே?" என்று கேட்டார். பாட்டி சொன்னது: "பல்லு இருக்குல்ல, கடிங்க."

இதைச் சொன்னது என் அப்பா. அப்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. தாத்தா மூன்று நாள் பேசவில்லையாம், நான்காம் நாள் சட்னியில் உப்புக் குறைவு என்று பேச்சை ஆரம்பித்தாராம்.

தம்பி, உங்கள் மன அடிமைத்தனம் எங்கே இருந்தது என்று இப்போது சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரன் 1810-லேயே தீவை இங்கிலீஷ்காரனிடம் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு வந்தவன் 1968 வரை 158 வருஷம் ஆண்டும் தன் நாட்டு ரொட்டியை நம் வாயில் திணிக்க முடியவில்லை. திபேன் மெஸோன் நிலைத்தது, நடுவில் கோடு கிழித்த, கைக்கு அடக்கமான அந்த உருண்டை. அது ருசி என்பதால் மட்டும் நிலைக்கவில்லை. எவனோ ஒருவன் ராத்திரி முழுக்க விழித்து அதைச் சுட்டதால், ஆயிரம் வீட்டில், வீட்டுக்கு ஒருத்தி, ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாள். மூன்றுக்கு எழுந்தவள் நாலுக்கு எழுந்தாள். எனக்குத் தெரிந்து எஸ்டேட்டு, சர்க்கார், கோயில், சங்கம் எதுவும் அவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்ததில்லை.

இதனால்தான் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறேன் என்று படம் பிடித்து அனுப்பும் என் பேத்தியிடமும் சண்டை போடுகிறேன். பொழுதுபோக்குக்குச் செய், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பாரம்பரியம்' என்று மட்டும் அதற்குக் கீழே எழுதாதே. இந்தத் தீவில் திபேனின் பாரம்பரியமே அதை வீட்டில் சுடாமல் இருப்பதுதான்!

சுடுவது எப்படி என்று நான் பார்த்தது 1975-ல். பிப்ரவரி 6-ஆம் தேதி ழெர்வேஸ் புயல் அடித்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தகரக்கூரை எங்கே போனது என்று கடைசிவரை தெரியவில்லை. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆனால் திபேன்காரருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த பூலான்ஸேயின், அதாவது ரொட்டி சுடுபவரின், அடுப்பு கல்லடுப்பு, அசையவில்லை. மிஷின் ஓடாததால் மரத்தொட்டியில் கையால் பிசைந்தார்கள். பக்கத்து வீட்டு ஆண்களெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஈஸ்ட் தீர்ந்ததும் முந்தின நாள் மாவில் ஒரு கை எடுத்துவைத்து மறுநாள் மாவைப் புளிக்கவைத்தார்கள். புயலில் சாய்ந்த சவுக்கு மரங்கள்தான் விறகு. தீ நன்றாகப் பிடித்துக் கல் சூடேறியதும் தணலை வெளியே இழுத்துவிட்டு, நீளக் கழியில் கட்டிய ஈரச் சாக்கால் அடுப்பின் தரையைத் துடைப்பார். புஸ்ஸென்று ஆவி எழும். ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசிப் பார்ப்பார். சட்டென்று கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும், மெதுவாகச் சிவந்தால் சரி. அப்புறம் துடுப்பு மாதிரி ஒரு பலகையில் மாவு உருண்டைகளை வரிசையாக வைத்து உள்ளே தள்ளி, வெடுக்கென்று பலகையை மட்டும் உருவுவார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது மந்திரமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு இத்தனை என்று அளந்துதான் கொடுத்தார்கள். மூன்று மணிக்கே வரிசையில் நிற்கப் பாட்டி என்னை அனுப்புவாள். நான் போய் நின்றால் அவள் தூங்கலாம்!

இன்றும் திபேன் விலையை அரசு கட்டிவைத்திருக்கிறது, மாவுக்கு மானியம் கொடுக்கிறது. விலை ஏறும் என்று பேச்சு வந்தாலே மந்திரிகளுக்குத் தொண்டை வறண்டுபோகிறது. அது வேறு கதை.

தமிழ் உணர்ச்சி எனக்கும் உண்டு. 1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இரண்டாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளியபோது வெயிலில் நின்று கத்தியவர்களில் நானும் ஒருத்தி. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தோம். அன்று மத்தியானம் நாங்கள் அத்தனை பேரும் என்ன சாப்பிட்டோம் தெரியுமா? திபேனைப் பிளந்து, வெண்ணெய் தடவி, உள்ளே சுடச்சுட மூன்று காத்தோ பிமா. நம் பருப்பு வடை. தமிழுக்காகக் கத்திய தொண்டைக்கு அது நன்றாகத்தான் இறங்கியது.

உங்கள் 'காலையில் இட்லி' பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்வி. உளுந்து ஊறவைப்பது யார்? அரைப்பது யார்? ராத்திரி பொங்கி வழிந்த மாவைத் துடைப்பது, காலையில் ஐந்தரைக்கு எழுந்து தட்டில் ஊற்றுவது யார்? இப்போது கிரைண்டர் இருக்கிறது என்பீர்கள். கிரைண்டரைக் கழுவுவது யார்? உங்கள் சங்கத்துப் பையன்கள் பெயர், எந்த நாள் எந்த வீட்டில் யார் மாவரைக்கிறார் என்று பட்டியல் போட்டு அனுப்புங்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே நான் ஒரு பக்கம் என்ன, பத்துப் பக்கம் எழுதித் தருகிறேன். பட்டியல் இல்லாமல் துண்டறிக்கை வந்தால் கிழித்துப்போடுவேன். என் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், செய்யக்கூடியவள்தான்.

இப்போது உங்கள் அம்மா. நீங்கள் சத்தம் போட்டதை அவர் நினைவில் வைத்துக்கொண்டு போயிருக்க மாட்டார். பிள்ளை பசியோடு வந்திருப்பான், அதனால் கத்துகிறான் என்று நினைத்திருப்பார். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நீங்கள் இட்லி கொண்டுபோனது வீண் இல்லை. அவர் கேட்டது வேறு, அவ்வளவுதான்.

என் பாட்டி போனது 1991-ல். கடைசி ஒரு வருஷம் நினைவு தப்பிவிட்டது. நான் யாரென்று தெரியாது, தாத்தா செத்துப்போனது தெரியாது. ஆனால் விடிகாலை மூன்று மணி மட்டும் தெரியும். தவறாமல் எழுந்துவிடுவாள். இருட்டில் சுவரைத் தடவித் தடவிச் சமையலறைக்கு வந்து, கேஸ் அடுப்புக்குக் கீழே குனிந்து ஊதாங்குழலைத் தேடுவாள். "நேரமாச்சு, உலை வைக்கலையே, நேரமாச்சு" என்று ஒரே புலம்பல். எவ்வளவு சொன்னாலும் படுக்கமாட்டாள். பயந்து அழுவாள். மாத்திரை கொடுத்துப் பார்த்தோம், கதவைப் பூட்டிப் பார்த்தோம்.

என் அம்மாதான் ஒரு நாள், முந்தின சாயங்காலம் வாங்கி மீந்த ஒரு திபேனை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள். "திபேன் வந்துடுச்சு அத்தை, படுங்க" என்றாள். பாட்டி அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து ராத்திரி படுக்கப்போகும்போது மேஜைமேல் ஒன்று எடுத்துவைத்துவிடுவோம்.

உங்கள் அம்மா எங்கே வேலை பார்த்தார், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று நீங்கள் எழுதவில்லை. துண்டறிக்கை கிடக்கட்டும், முதலில் அதை எழுதுங்கள்.