நீச்சல் கேள்வி-பதில்: கை போட்டால் கால் நின்றுவிடுகிறதே!

கேள்வி: கிணற்றில் நீச்சல் பழகியவன். வயது 34. இப்போது 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைல் கற்கிறேன். கையைக் கவனித்தால் கால் நின்றுவிடுகிறது. காலை அடித்தால் கை தடுமாறுகிறது. ஒரு கைக்கு மூன்று உதை என்று எண்ணிப் பார்த்தேன், மூச்சு முட்டியதுதான் மிச்சம்.
– வாசகர், நாமக்கல்

பதில்: எண்ணுவதை விடுங்கள். ஓர் உதையை மட்டும் கையோடு கட்டினால் போதும். வலது கை நீரில் நுழைந்து முன்னால் நீளும்போது இடது கால் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். இடது கை நீளும்போது வலது கால். தெருவில் நடக்கும்போதும் கைகால் இப்படித்தானே மாறி மாறிப் போகின்றன? இடது கால் கீழே அடித்தால் இடது இடுப்பு மேலெழும், உடம்பு வலப்பக்கம் புரளும், வலது கை இன்னும் கொஞ்சம் எட்டும். முன்னால் தள்ளுவதைவிட இந்தப் புரளலுக்குத்தான் உங்களுக்கு இப்போது கால் தேவை.

அதைப் பழக ஒரு வழி. பக்கவாட்டில் படுத்து, கீழ்க்கையை முன்னால் நீட்டி, மேல்கையைத் தொடையோடு வையுங்கள். முகம் நீருக்குள். அப்படியே ஆறு உதை. மேல்கை நீருக்கு வெளியே வீசி முன்னால் வரும்போது, நீட்டிய கை தண்ணீரை இழுக்க, மறுபக்கம் புரளுங்கள். மீண்டும் ஆறு. 25 மீட்டர் வீதம் நான்கு முறை, நடுவே அரை நிமிட ஓய்வு. கை தடுமாறாமல் வந்தபின் ஆறை மூன்றாக்குங்கள். நீங்கள் எண்ணித் தேடிய ஒரு கைக்கு மூன்று உதை அங்கேயே வந்துவிடும்.

கிணற்று நீச்சல்காரர்களுக்கென்றே ஒரு பழக்கம் உண்டு: தலையைத் தூக்கியே நீந்துவது. தலை எழுந்தால் இடுப்பு தாழும். தாழ்ந்த காலை மேலே கொண்டுவரவே உதையெல்லாம் செலவாகும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். உதை இடுப்பிலிருந்து வரட்டும். முழங்காலை மடித்து சைக்கிள் மிதித்தால் தொடையே தண்ணீரைத் தடுக்கும். குதிகால் நீர்மட்டத்தை லேசாகக் கிழித்தால் போதும், தண்ணீர் வாரி இறைக்க வேண்டாம்.

கேள்வி: மூச்சு எடுக்கும்போது மட்டும் என் கால்கள் கத்தரிபோல விரிகின்றன என்கிறார் கோச். ஏன்?
– வாசகி, கோவை

பதில்: குற்றவாளி கால் அல்ல. மூச்சுக்காக நீங்கள் தலையைத் தூக்குகிறீர்கள், அல்லது முன்கை தலைக்கு நேரே குறுக்காக விழுகிறது. உடம்பு அளவுக்கு மீறிப் புரள, கவிழாமல் இருக்கக் கால் தானாக விரிந்து முட்டுக்கொடுக்கிறது. கையைத் தோளுக்கு நேரே நுழையுங்கள். மூச்சு முடியும்வரை அதை அழுத்தாமல் நீட்டியே வையுங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருக்கட்டும். காற்றை நீருக்குள்ளேயே விட்டுவிட்டால் வெளியே உள்ளிழுக்க மட்டும்தான் நேரம் பிடிக்கும். ஒவ்வொரு உதையிலும் இரு கால் கட்டைவிரல்களும் உரசுகின்றனவா என்று பாருங்கள். தொடைகளுக்கிடையே புல் பாய் (pull buoy) என்ற மிதவையை வைத்து நீந்தும்போது இடுப்பு பாம்புபோல நெளிந்தால், கை குறுக்கே போகிறது என்பது உறுதி.

கேள்வி: தினமும் ஓடுபவன் நான். கிக் போர்டை (மிதவைப் பலகையை) பிடித்து உதைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்!
– வாசகர், மதுரை

பதில்: ஓடுபவர்களுக்குக் கணுக்கால் இறுகியிருப்பது சகஜம். பாதம் நீளாமல் கொக்கிபோல மடிந்து நின்றால், தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டியது முன்னால் தள்ளும். சிலர் பின்னோக்கிக்கூடப் போவார்கள்! வஜ்ராசனத்தில் 30 விநாடி, மூன்று முறை உட்காருங்கள். முழங்கால் வலித்தால் வேண்டாம். சின்ன ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) மாட்டிச் சில நாள் உதைத்தால் பாதம் எப்படி வளைய வேண்டும் என்பது புரியும். நெடுந்தூரம் நீந்துவதுதான் நோக்கம் என்றால் ஒரு கைக்கு ஓர் உதையே போதும். தொடைத் தசை பெரியது, பிராணவாயுவை வாரிக் குடிக்கும். மூன்று உதையை 50, 100 மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் முழுக்க அப்படி உதைத்து 2002-இல் 3:40.08 நிமிடத்தில் உலக சாதனை படைத்த ஆஸ்திரேலிய வீரர் இயன் தோர்ப்பின் கதை வேறு. அவர் காலணி அளவு 17!