அட்டையில் யாரை நிறுத்துவது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றம் விவசாயச் சிறப்பு மலர் ஒன்றை வெளியிடவிருக்கிறது. கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படத்தையே அட்டையில் போட வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். பார்த்துப் பார்த்துச் சலித்த படம் அது என்கிறோம் நாங்கள். இதழ்களின் அட்டைகள் விவசாயத்தை இதுவரை எப்படிக் காட்டின? நாங்கள் எதைப் போடலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானதே. ஆயினும் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு ஒதுக்குங்கள். இலங்கையில், கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1890இல் இங்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கிய பிரித்தானிய வணிகர் தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று லண்டன் வார இதழ்களில் விளம்பரம் செய்தபோது, நம் தோட்டத்துப் பெண்ணே அந்த வியாபாரத்தின் முகமானாள். அவை அட்டைகள் அல்ல, விளம்பரப் பக்கங்கள்தாம். ஆனால் பின்னாளில் வந்த அட்டைகளும் சுற்றுலா மலர்களும் நாட்காட்டிகளும் அதே சாயலைத்தான் தொடர்ந்தன. தேயிலை வாங்குபவரின் கண்ணுக்காக அமைந்த படத்தில் மழைக்கும் அட்டைப்பூச்சிக் கடிக்கும் இடம் இருக்காது.

விவசாயக் குடும்பங்களே வாங்கிப் படித்த இதழ்களில் நிலைமை வேறு. அமெரிக்காவின் 'கன்ட்ரி ஜென்டில்மன்' இதழுக்கு நோர்மன் ரொக்வெல் 1917 முதல் வரைந்த அட்டைகளில், நகரத்திலிருந்து பகட்டாக உடுத்தி வந்த ரெஜினால்ட் என்ற பையனைக் கிராமத்துச் சிறுவர்கள் படாதபாடு படுத்துகிறார்கள். சோவியத் இதழ்களோ உழவரை டிராக்டரில் ஏற்றி வீரராக்கின. அங்கே பேசியது அரசு. தமிழ் வார இதழ்களின் பொங்கல் மலர்களில் விவசாயம் கரும்பும் பானையும் புதுப்புடவையுமாகச் சுருங்கிவிட்டது. 2007இல் தமிழகத்தில் தொடங்கிய 'பசுமை விகடன்', விளைச்சலுக்கு நடுவே நிற்கும் விவசாயியையும் அவருடைய வருமானக் கணக்கையும் அட்டைக்குக் கொண்டுவந்தது. அந்த இலாபக் கணக்குகளை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிப்பேன். ஆனாலும் தொழில் தெரிந்தவராக விவசாயி அட்டையில் நிற்பது பெரிய மாற்றம்.

உங்கள் மலரை வாங்கப்போவது லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில், வாழ்பவர்கள். அவர்கள் பார்த்ததும் பிழை சொல்ல முடியாத படமாக அது இருக்க வேண்டும். சுற்றுலாப் படத்துப் பெண் பளபளக்கும் சேலையும் பிரம்புக் கூடையுமாக நிற்பாள். உங்கள் மலையில் நிற்பவரோ பழைய சட்டைக்கு மேல் இடுப்பில் படங்கு என்னும் முரட்டு விரிப்பைக் கட்டிக்கொண்டு, பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாக வந்துவிட்ட பையை முதுகில் தொங்கவிட்டிருப்பார். என்னைக் கேட்டால், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் எடுங்கள் என்பேன். இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா, என்று தராசையே பார்த்து நிற்பவரிடம் சிரிக்கச் சொல்லாதீர்கள். கவ்வாத்து வெட்டும், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும், ஆண்களும், கந்தப்பளை, இராகலைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் பயிரிடும் குடும்பங்களும் அட்டைக்கு வருவது அரிது. பின்னட்டையையாவது அவர்களுக்குக் கொடுங்கள்.

படம் எடுக்குமுன் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் விரும்பினால் பெயர், தோட்டம், டிவிஷன், ஆண்டு ஆகியவற்றை உள்பக்கத்தில் அச்சிடுங்கள். நிறுக்கும் இடத்தில் படமெடுக்கத் தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால், வேலை முடிந்து வந்து தம் வீட்டுத் தோட்டத்தில் மண் கொத்துபவரை எடுக்கலாம், அதுவும் விவசாயம்தான்.