முகப்பு வளைவும் பாதி போனஸும்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். ‘பரலோகத்திலே உங்களுக்குப் பொக்கிஷங்களைச் சேர்த்து வையுங்கள்’ என்ற வசனத்துக்குக் கீழ்ப்படிந்து, சென்ற ஆண்டு எங்கள் ஆலயத்தின் முகப்பு வளைவுக்கு மூன்று லட்ச ரூபாய் காணிக்கை கொடுத்தேன். ஆர்டர் குறைந்திருந்த நேரம் என்பதால், தொழிலாளர்களுக்குச் சொல்லியிருந்த போனஸில் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது. அதன் பிறகும் தொழில் தேறவில்லை. உலகச் செல்வத்தைப் பெரிதென்று எண்ணாமல் ஆவிக்குரிய செல்வத்தைத் தேடியவனைக் கர்த்தர் ஏன் கைவிட வேண்டும்? வளைவின் கல்வெட்டிலும் என் பெயரைக் கடைசி வரியில் போட்டுவிட்டார்கள்.
– வாசகர் ஒருவர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் காணிக்கைத் தொகை இருக்கிறது, கல்வெட்டில் உங்கள் பெயர் எந்த வரியில் வந்தது என்பதும் இருக்கிறது, பாதி போனஸோடு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் இல்லை. ஆகவே, கர்த்தர் உங்களைக் கைவிட்டாரா என்று ஆராய்வதற்கு முன்னால், நீங்கள் தேடியது ஆவிக்குரிய செல்வந்தானா என்று பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் எடுத்துக்காட்டும் வசனம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் நடுவில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்திருந்தால், மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசு தொடங்குவதையும், தாரை ஊதித் தர்மம் செய்கிறவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்று முடிவாகச் சொல்லிவிடுவதையும் கண்டிருப்பீர்கள். கல்லில் பெயர் வெட்டிக்கொண்டவருக்குப் பலன் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. உங்களுக்கோ அதிலும் கடைசி வரிதான் கிடைத்தது என்பது வருத்தத்துக்குரியதுதான். ஆனால் அந்த வருத்தத்தைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு பரலோகத்துக்கு இல்லை.

அடுத்து, கொடுத்த பிறகு தொழில் தேறியிருக்க வேண்டும் என்கிறீர்கள். மாதா மாதம் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில் சேமிப்பைப் போட்டுவிட்டுத் தவிக்கும் குடும்பங்களை நம் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டோம். அவர்கள் ஏஜென்டிடம் கேட்கும் அதே கேள்வியைத்தான் நீங்கள் கர்த்தரிடம் கேட்கிறீர்கள். ஐரோப்பாவில் ஷூ வாங்குவது குறைந்தால் ராணிப்பேட்டையில் மெஷின் நிற்கும். அதற்கும் உங்கள் காணிக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சம்பந்தம் இருப்பது காணிக்கைக்கும் போனஸுக்கும் இடையில்தான். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை, ‘இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது’ என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். ஒருவருக்குச் சேர வேண்டியதை எடுத்துத் தேவனுக்குக் கொடுத்தால், அது தேவனுக்குக் கொடுத்ததாக ஆவதில்லை. துண்டுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல: தையல் விலகினால் பிரித்துத் தைக்க வேண்டும், பிரித்துத் தைக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. தீபாவளிக்கு வரும் போனஸை நம்பித்தான் அவள் பிள்ளையின் ஸ்கூல் பீஸையும் கட்டாமல் நின்றுபோன சீட்டுத் தவணையையும் ஒத்திவைத்திருப்பாள். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்றும் யாக்கோபு எழுதுகிறார். உங்கள் வளைவைப் பற்றி அங்கே என்ன செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் குற்றம் உங்களுடையது மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்தவரைக் கைதட்டிப் பாராட்டுகிற நம் சபைகள், அந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்பதை அநாகரிகமாக நினைக்கின்றன. மூன்று லட்சத்தை வாங்கிக்கொண்ட கமிட்டியில் ஒருவராவது, ‘உங்கள் ஆட்களுக்குப் போனஸ் கொடுத்தாயிற்றா?’ என்று கேட்டிருந்தால், அதுவே அந்த ஆண்டின் சிறந்த பிரசங்கமாக இருந்திருக்கும்.

கட்டடங்களுக்குக் கொடுப்பதே வீண் என்றோ, பெயர் பொறிப்பதே பாவம் என்றோ நான் சொல்ல வரவில்லை. உங்கள் ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மனம் மாறி, 1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. அந்தப் பெயர் இன்றும் ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரியாக நிற்கிறது. கொடுத்தவரின் மனதை அளக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த, கொடுத்தவருக்குத் திருப்பி எதுவும் செய்ய முடியாத பெண்களிடம் அது சேர்ந்தது. விருந்து செய்யும்போது, பதில் செய்ய வழியில்லாதவர்களை அழை என்று லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் இயேசு சொல்வதும் இதைத்தான். மேல்நாட்டில் வசதியாகத் தொழில் செய்திருக்கக்கூடிய ஐடா, 1960-இல் இறக்கும்வரை இந்த நாட்டையே தம் வீடாகக் கொண்டிருந்தார்.

எரிகோவில் வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அவனும் கணக்குத் தெரிந்தவன். பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்ற வார்த்தை வருகிறது. எரிகோவில் அவன் வளைவு எதுவும் கட்டியதாக லூக்கா எழுதவில்லை.

நாலத்தனை கொடுங்கள் என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். பாக்கிப் பாதியைக் கொடுங்கள். கையில் மொத்தமாக இல்லையென்றால், எந்தெந்த மாதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துத் தவணையாகக் கொடுங்கள். இதற்குள் வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடித்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, ‘கர்த்தர் ஏவினார்’ என்று ஆரம்பித்து ஒரு சாட்சி சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு நீங்கள் தர்மம் செய்யவில்லை. சம்பளப் பதிவேட்டில் ‘சென்ற ஆண்டுப் போனஸ் பாக்கி’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.