போதைப்பொருள் காரணமாக ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர் அந்தப் பதிவை மாற்ற முடியுமா?

அமெரிக்காவில் முடியும். ஆனால் விண்ணப்பித்துக் காரணத்தை நிரூபிக்க வேண்டும்.

பணி முடிந்து வெளியேறும்போது டிடி 214 என்ற படிவம் தருவார்கள். அதன் 24-ஆம் கட்டத்தில் பணிக்கால நடத்தை பற்றிய மதிப்பீடும் 28-ஆம் கட்டத்தில் வெளியேறிய காரணமும் இருக்கும். நம்மூர் டி.சி.யில் 'நடத்தை' என்றொரு வரி இருக்குமே, அதுபோல. அந்த ஒரு வரியால் கல்வி உதவி கைவிட்டுப் போகலாம், வேலையும் கிடைக்காமல் போகலாம்.

வெளியேறி 15 ஆண்டுகளுக்குள் என்றால் டிடி 293 படிவத்தில் மறுஆய்வு வாரியத்துக்கு எழுதலாம். அதைத் தாண்டிவிட்டால் பதிவுத் திருத்த வாரியம், படிவம் டிடி 149. பொது ராணுவ நீதிமன்றம் விதித்த நீக்கத்தில் மறுஆய்வு வாரியம் கைவைக்க முடியாது.

வாரியம் பார்ப்பது இரண்டு: நடைமுறை சரியாக நடந்ததா, முடிவு நியாயமானதா. "நான் திருந்திவிட்டேன்" என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. போரின் மனக்காயம், தலையில் அடி, பாலியல் வன்முறை இவற்றைத் தாங்க முடியாமல் போதையைத் தொட்டவர்கள் உண்டு. அவர்களின் விண்ணப்பத்தைத் தாராள மனதோடு பார்க்கச் சொல்லிப் பாதுகாப்புத் துறை 2014-லும் 2017-லும் வழிகாட்டியது. இது மிக அவசியமான மாற்றம் என்பேன். எனவே மருத்துவக் குறிப்பு, உடன் பணியாற்றியவர்களின் கடிதம், அப்புறம் சிகிச்சை முடித்த சான்று எல்லாவற்றையும் இணையுங்கள்.

ஆறு மாதம் போனால் பதிவு தானாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது.