அப்பாவின் பழைய பங்குகள் அரசுக்குப் போய்விடுமா?

தண்டையார்பேட்டை வீட்டில் கிடைத்த அப்பாவின் பங்குப் பத்திரங்கள் இனி உங்களுக்கு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், உரிமை போகவில்லை.

2013 கம்பெனிச் சட்டப்படி, 30 நாளில் யாரும் வாங்காத டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) தனி வங்கிக் கணக்குக்குப் போகும். அங்கே 7 ஆண்டு கிடந்தால் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாறும். தொடர்ந்து 7 ஆண்டு டிவிடெண்ட் வாங்காத பங்குகளும் கூடவே போகும். பலர் பயப்படுவது போல இது பறிமுதல் இல்லை. வாரிசுகள் திரும்பக் கேட்கக் காலக்கெடு கிடையாது.

அந்த நிதியின் இணையதளத்தில் அப்பா பெயரைத் தேடுங்கள். அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள். தொகை பெரிதென்றால் நீதிமன்றச் சான்றும் கேட்பார்கள். உங்கள் பெயரில் டிமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு வேண்டும். அந்த நிதியிடமிருந்து திரும்பக் கேட்கும் ஐஇபிஎஃப்-5 படிவத்துக்குக் கட்டணமே இல்லை, தயவுசெய்து தரகரிடம் பாதியைக் கொடுத்துவிடாதீர்கள்.